கையெழுத்துப் போடும் முன் மண்ணையும் கேட்போம்



போன மாதம் எங்கள் ஊர் உழவர் குழுக் கூட்டத்துக்கு ஒரு தம்பி வந்திருந்தார். நன்றாகப் படித்த பிள்ளை, மரியாதையாகப் பேசினார். கையில் ஒரு கோப்பு. "உங்க பருத்திமார், மக்காச்சோளத் தட்டை, சோளத்தட்டை எல்லாத்தையும் எங்களுக்குக் கொடுங்க. அதுல இருந்து பெட்ரோல், டீசல் எடுக்கப் போறோம். பத்து வருஷ ஒப்பந்தம். வீணாப் போற கழிவுக்குக் காசு வருதுன்னா வேண்டாம்னா சொல்வீங்க?" என்றார்.

கூட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பருத்தி எடுத்து முடித்த பிறகு மாரைப் பிடுங்க ஆள் கூலி கொடுத்து நொந்து போனவர்கள்தான் எல்லோரும். "மேனேஜர் சார், நீங்க பேங்குல எத்தனை பத்திரம் பார்த்திருப்பீங்க. இதையும் படிச்சுச் சொல்லுங்க. அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணுவோம்" என்று கோப்பை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

முப்பத்துநாலு வருஷம் வங்கியில் கடன் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்று எட்டு வருஷமாக ஏழு ஏக்கர் கரிசலில் இயற்கை வேளாண்மை செய்கிறேன். முதல் வேலைக்கும் இரண்டாம் வேலைக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கோப்பைப் படித்தபோது இரண்டும் ஒன்றாக வந்து நின்றன. கூட்டத்தில் நான் சொன்னதை உங்களிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இந்தக் கோப்பு எங்கள் ஊரோடு நிற்கப் போவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தட்டையிலிருந்து பெட்ரோல் வரும் என்பது பொய் இல்லை. வரும்.

காய்ந்த மரத்தூளையோ தட்டைத் தூளையோ காற்றில்லாத கலத்தில் சுமார் 500 டிகிரி சூட்டில் சில விநாடி வைத்தால் அது எரியாது, ஆவியாகும். ஆவியைக் குளிர வைத்தால் கறுப்பாக ஓர் எண்ணெய் கிடைக்கும். அதை அப்படியே வண்டிக்கு ஊற்ற முடியாது. அதில் 15 முதல் 30 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். வினிகர் மாதிரி புளிக்கும், இரும்பை அரிக்கும். காரணம், காய்ந்த மரத்தின் எடையில் சுமார் பாதி கரி, நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஆக்சிஜன். பெட்ரோலில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆக, அந்த ஆக்சிஜனைக் கழற்ற வேண்டும். அதற்குத்தான் வினையூக்கி.

வினையூக்கி என்பது கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு வீட்டையும் பேசிச் சேர்த்து வைப்பார். தான் மட்டும் போனபடியே திரும்பி வந்து அடுத்த வீட்டுக்குப் போவார். ஜியோலைட் என்ற நுண்துளைகள் நிறைந்த கனிமம் இந்த வேலையைச் செய்கிறது. கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் பல காலமாகப் பயன்படுகிற பொருள்தான். ஆவி அதன் வழியே போகும்போது ஆக்சிஜன் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்து போகும். மிஞ்சுவதை ஹைட்ரஜன் சேர்த்துச் சுத்தம் செய்தால் பெட்ரோல், டீசல். எந்த வண்டியிலும் மாற்றம் செய்யாமல் ஊற்றலாம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வருகிற சந்தேகமெல்லாம் இதற்கு வராது. அதனால்தான் இதன் மேல் இவ்வளவு ஆசை.

இனி ஒரு கடன் கதை. வங்கிக்காரன் அல்லவா, எனக்கு வேதியியலைவிட இது நன்றாகப் புரிந்தது.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் கொலம்பஸ் என்று ஓர் ஊர். சுற்றிலும் பைன் காடுகள். கியோர் என்ற நிறுவனம், நான் மேலே சொன்ன அதே முறையில் பைன் மரத்திலிருந்து பெட்ரோலும் டீசலும் எடுக்க அங்கே ஆலை கட்டியது. இந்தியாவில் பிறந்த வினோத் கோஸ்லாவின் முதலீட்டு நிறுவனம் அதற்குப் பெரிய பக்கபலம். 2010-ல் மிசிசிப்பி அரசு 7.5 கோடி டாலர் கடன் கொடுக்க முன்வந்தது. வட்டி இல்லை. 20 வருஷத் தவணை. பதிலுக்கு நிறுவனம் சொன்னது: 50 கோடி டாலர் முதலீடு, சுமார் 1,000 பேருக்கு வேலை.

ஆலைக்கு 20 கோடி டாலருக்கு மேல் செலவானது. தினம் 500 டன் காய்ந்த மரம் தின்னும், ஆண்டுக்கு 1.3 கோடி கேலன் வரை எரிபொருள் தரும் என்பது திட்டம். ஒரு டன் காய்ந்த மரத்துக்கு 67 கேலன், அதாவது சுமார் 250 லிட்டர் கிடைக்கும் என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார்கள். 2013 மார்ச்சில் முதல் டீசல் வெளியே போனது. பத்திரிகைகள் கொண்டாடின.

பிறகு மரத்தூளை உள்ளே செலுத்துவதில் சிக்கல், இயந்திரக் கோளாறு, வினையூக்கியிலிருந்து எதிர்பார்த்த விளைச்சல் இல்லை. அந்த ஆண்டில் திட்டமிட்ட அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஆலை எட்டவில்லை. 2014 தொடக்கத்தில் நிறுத்தினார்கள். நவம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. மிசிசிப்பி மக்களின் வரிப்பணத்தில் சுமார் 6.9 கோடி டாலர் வராக்கடன். மாநில அரசு 2015-ல் வழக்குப் போட்டது. 2016-ல் அமெரிக்காவின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையமும் வழக்குத் தொடுத்தது. அந்த 67 கேலன் என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த அனுமானங்களை முதலீட்டாளர்களிடம் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு.

பாருங்கள், மரத்திலிருந்து டீசல் வந்ததா என்றால் வந்தது. ஆய்வகத்தில் ஒரு குவளை எண்ணெய் வருவதும், ஆலையில் வருஷம் முழுக்க வருவதும் வேறு வேறு. நடுவில் இருக்கிற பள்ளத்தில் ஒரு மாநில அரசே விழுந்தது. அரசு எழுந்துவிடும். ஏழு ஏக்கர்க்காரன் விழுந்தால்?

இதை நான் ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. என் கணக்கிலேயே இப்படி ஒரு பாவம் இருக்கிறது.

2006 வாக்கில் ஒரு வானம் பார்த்த ஊரில் கிளை மேலாளராக இருந்தேன். காட்டாமணக்கு அலை அடித்த காலம். மத்திய திட்டக் குழுவின் குழு ஒன்று 2003-லேயே காட்டாமணக்குக்குத் தேசிய இயக்கம் வேண்டும் என்று சொல்லியிருந்தது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, விதையில் டீசல் என்றார்கள். நாற்று விற்ற ஒரு நிறுவனம் திட்ட அறிக்கையும் கொண்டுவந்து கொடுத்தது. ஏக்கருக்கு இத்தனை கிலோ விதை, கிலோ இத்தனை ரூபாய், மூன்றாம் வருஷத்திலிருந்து தவணை. எல்லாம் அழகாக டைப் அடித்து இருந்தது. அந்த விளைச்சலை யார், எந்த மண்ணில், எத்தனை வருஷம் எடுத்துப் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மேலிடத்து இலக்கு இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் வருஷம் செடி இருந்தது, காய் இல்லை. இருந்த கொஞ்சத்தை வாங்க ஆளும் இல்லை. நாற்று விற்றவர்களின் தொலைபேசி எடுபடவில்லை. நோட்டீஸ் அனுப்பியது நான். ஒருநாள் ஒரு பெரியவர் பாதிச் சாக்கு விதையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். "சார், இதை எடுத்துக்கிட்டுக் கடன்ல வரவு வையுங்க. இதுக்குள்ள எண்ணெய் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

2009-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கு என்னவானது என்று எல்லோருக்கும் தெரியும். கொள்கை எழுதியவர்கள் அடுத்த கொள்கைக்குப் போய்விட்டார்கள். செடியைப் பிடுங்கிப் போட்டவர் உழவர்.

சரி, இது காட்டாமணக்கு இல்லையே, புதிதாக எதையும் நடச் சொல்லவில்லையே, மிச்சத்தைத்தானே கேட்கிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் மண்ணின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வங்கியில் எந்தக் கடன் மனு வந்தாலும் முதலில் பார்ப்பது, இவருக்கு ஏற்கெனவே யார் யாரிடம் கடன் இருக்கிறது என்பதை. நம் நிலத்துக்கு மூத்த கடன்காரர் மண்தான். ஒவ்வொரு போகத்திலும் அதனிடம் வாங்குகிறோம். எடுத்துக்காட்டுக்கு நெல் வைக்கோல். ஒரு டன் வைக்கோலில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோ, சாம்பல்சத்து 12 முதல் 17 கிலோ. நெல் எடுத்துக்கொள்கிற சாம்பல்சத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில்தான் தங்குகிறது. வைக்கோல் மாட்டுக்குப் போய் சாணமாகத் திரும்பினாலும், மூடாக்காக மட்கினாலும் கடன் அடைகிறது. லாரியில் ஏறிப் போனால் அடைவதில்லை. பொட்டாஷ் உரத்துக்கு நம் நாடு கிட்டத்தட்ட முழுக்க வெளிநாட்டை நம்பியிருக்கிறது. பெட்ரோல் இறக்குமதியைக் குறைக்கிறோம் என்று சத்தை லாரியில் ஏற்றிவிட்டு, பிறகு அந்தச் சத்தைக் கப்பலில் இறக்குவது என்ன கணக்கு?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மண்ணுக்கு உணவான அந்தச் சாம்பல்சத்துதான் அவர்களின் வினையூக்கிக்கு நஞ்சு. பொட்டாசியமும் கால்சியமும் ஜியோலைட்டின் மேல் படியப் படிய அது வேலை செய்யாமல் போகிறது. நான் சொன்ன கல்யாணத் தரகர் நோயில் விழுகிறார். சாம்பல் குறைவான மரத்தைத்தான் அந்த ஆலைகள் விரும்பும். நல்ல மரத்தில் சாம்பல் ஒரு சதவீதம்கூட இருக்காது. நெல் வைக்கோலில் 15 சதவீதத்துக்கு மேல். மரத்திலேயே தடுமாறிய தொழில்நுட்பம் தட்டையிலும் வைக்கோலிலும் ஓடும் என்று பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

கரியின் கதை இன்னும் மோசம். இந்த முறையில் மிஞ்சுகிற கரியும், வினையூக்கியில் படிகிற கரியும் பெரும்பாலும் ஆலைக்குள்ளேயே சூட்டுக்காக எரிக்கப்படுகின்றன. நிலத்துக்குத் திரும்பி வருவதற்கு ஒன்றும் இருக்காது. நான் வாங்கியபோது என் நிலத்தின் மண் பரிசோதனை அட்டையில் கரிமச்சத்து 0.3 சதவீதம். எட்டு வருஷம் தட்டை, மார், இலைதழை எல்லாவற்றையும் மூடாக்காகப் போட்டு, பலதானியம் விதைத்து மடக்கி உழுது, இப்போதுதான் 0.5-ஐத் தொட்டிருக்கிறது. எட்டு வருஷச் சேமிப்பு அது. அந்தத் தம்பி அதைக் கழிவு என்றார். என் பாஸ்புத்தகத்தை யாரோ பழைய பேப்பர் என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

அளவையும் பாருங்கள். தினம் 500 டன் என்றால், வருஷத்தில் 330 நாள் ஓடினால் 1,65,000 டன். ஏக்கருக்கு ஒரு டன் பருத்திமார் என்று வைத்தால் ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் வழித்து எடுக்க வேண்டும். அத்தனையும் அறுவடை முடிகிற ஒன்றிரண்டு மாதத்தில் சேர்த்து, மழையில் நனையாமல் வருஷம் முழுக்க அடுக்கி வைக்க வேண்டும். எங்கள் ஊரில் நிலமில்லாத பெண்கள் இன்றைக்கும் மாரைப் பிடுங்கி, அதையே கூலியாக விறகுக்கு எடுத்துப் போகிறார்கள். சோளத்தட்டை மாட்டுக்கு. மாட்டை விற்றுவிட்டு ஜீவாமிர்தம் எங்கே கலக்குவது?

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்து கோதுமை விதைக்க இருக்கிற கொஞ்ச நாளில் வைக்கோலை வயலிலேயே எரிக்கிறார்கள். பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய ஆலை 2022 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் நோக்கம். அது நொதிக்க வைக்கும் முறை, வினையூக்கி முறை வேறு. ஆனால் எரித்துப் புகையாக்குவதைவிட ஆலைக்குக் கொடுப்பது மேல் என்று அந்த ஊர் உழவர் சொன்னால் மறுக்க முடியாது. எரிக்காத ஊரில் வந்து அதே வாதத்தை வைப்பதுதான் பொருந்தவில்லை.

பெட்ரோலும் டீசலும் இப்படியே எரிந்துகொண்டிருந்தால் மழை இன்னும் தாறுமாறாகும், அதில் முதலில் அடிபடுவது மானாவாரிக்காரன் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்கூட்டரை பேட்டரியில் ஓட்டலாம், விமானத்தை அப்படி ஓட்டுவது எளிதில்லை. வெளிநாட்டு விமானப் பயணங்களின் எரிபொருளில் 2027-ல் 1 சதவீதம், 2028-ல் 2 சதவீதம் இந்த மாதிரி மாற்று எரிபொருள் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு இலக்கு சொல்லியிருக்கிறது. பயிர்க்கழிவிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆலைகளுக்கு உதவ 2019-லிருந்தே தனித் திட்டமும் இருக்கிறது. ஆகவே ஆலைகள் வரும், கோப்புகளும் வரும். வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் கதவைச் சாத்துவதால் பயனில்லை. எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்று நாம்தான் கோடு போட வேண்டும்.

என் கோடு இது. மண்ணுக்கோ மாட்டுக்கோ அடுப்புக்கோ போகிற எதுவும் விற்பனைக்கு இல்லை. ஆனால் கண்மாயையும் தரிசையும் அடைத்து நிற்கிற சீமைக்கருவேலம் இருக்கிறதே, அது மரம். விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அதை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள், விறகில் ஓடுகிற மின் ஆலைகளுக்கும் கொடுக்கிறார்கள். ஆலைக்காரருக்கு மரம்தான் வேண்டும் என்றால் அதைக் கேட்கட்டும். தூரோடு எடுத்து, அந்த இடத்தில் நம் மரமோ பயிரோ வைக்கிறோம் என்றால் நானே கூட நின்று எடுத்துத் தருவேன். கரிமூட்டத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அதில் வேலையும் பங்கும் இருக்க வேண்டும். வெறுமனே வெட்டிவிட்டுப் போனால் அது இரண்டு மடங்காகத் துளிர்க்கும்.

அதற்கும் ஒப்பந்தம் என்று வந்தால் சில கேள்விகள் உண்டு. எங்கள் குழுவில் ஒரு தாளில் எழுதி அந்தத் தம்பியிடம் கொடுத்தோம். உங்கள் ஊருக்குக் கோப்பு வந்தால் நீங்களும் கேளுங்கள்.

ஒன்று, விலை எந்த எடைக்கு? அந்தக் கோப்பில் ஏழாம் பக்கத்தில் "முற்றிலும் காய்ந்த எடை" என்று ஒரு வரி இருந்தது. ஆலை வாசலில் எடை போட்டு, ஈரத்துக்கு அவர்களே கழித்துக்கொள்வார்கள். நாம் ஏற்றி அனுப்பிய டன் வேறு, காசு வருகிற டன் வேறு. ஈரத்தை யார், எதிரில் வைத்து அளப்பது?

இரண்டு, இதே மூலப்பொருளில், இதே முறையில், எங்காவது ஓர் ஆலை தொடர்ந்து ஒரு வருஷம் ஓடியிருக்கிறதா? டன்னுக்கு எத்தனை லிட்டர் என்று வெளியாள் யாராவது அளந்து சான்று கொடுத்திருக்கிறார்களா? ஆய்வகத்து எண் வேண்டாம்.

மூன்று, ஆலை நின்றுபோனால் எங்கள் பாக்கிக்கு என்ன ஈடு? வங்கி உத்தரவாதம் தருவீர்களா? திவால் என்று வந்தால் பாக்கி வாங்க நிற்கிற வரிசையில் கடைசி ஆள் உழவர்தான். இதை வங்கியில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

நான்கு, மழை பொய்த்த வருஷம் தட்டையை மாட்டுக்கு வைத்துக்கொண்டால் அபராதம் உண்டா? கோப்பில் இருந்தது. நிறுவனம் வாங்காமல் போனால் அவர்களுக்கு அபராதம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

ஐந்து, எங்கள் நிலத்திலிருந்து போகிற சத்தில் எது, எந்த வடிவத்தில் திரும்பி வரும்? சாம்பல் வரும் என்றால், அதில் வினையூக்கித் துகள் கலந்திருக்குமா? அதை மண்ணில் போடலாம் என்று எந்த ஆய்வகம் சான்று தரும்?

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் வாசித்தேன். அந்தத் தம்பி பொறுமையாகக் கேட்டார். முதல் கேள்விக்குப் பதில் சொன்னார். மற்ற நாலுக்கும் "தலைமை அலுவலகத்துல கேட்டுச் சொல்றேன் ஐயா" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. 2006-ல் நானும் அவர் இடத்தில்தான் இருந்தேன். யாராவது ஐந்து கேள்வி கேட்டிருந்தால் நானும் மேலிடத்தைக் கேட்டிருப்பேன், அந்தப் பெரியவர் சாக்கோடு வந்திருக்க மாட்டார்.

குழுவில் எடுத்த முடிவு: பருத்திமார், தட்டை எதற்கும் கையெழுத்து இல்லை. கண்மாய்ச் சீமைக்கருவேலத்தைப் பற்றி ஊராட்சியில் பேசலாம். மார் பிடுங்குகிற செலவுதான் பிரச்சினை என்றவர்களுக்கு, குழுவுக்கே ஒரு தூளாக்கும் இயந்திரம் வாடகைக்கு எடுத்து மாரை வயலிலேயே பொடித்து மூடாக்காக்குவது. விறகுக்குக் கேட்கிற பெண்களுக்கு அவர்கள் பங்கை முதலில் ஒதுக்குவது. இயந்திரத்துக்கு டிராக்டர் மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கிறது, ஏக்கருக்கு என்ன செலவாகிறது என்று இந்தப் போகத்தில் கணக்கு எழுதப் போகிறேன். அறுவடை முடிந்ததும் அந்தக் கணக்கை இதே இதழுக்கு அனுப்பி வைக்கிறேன். கூடவே, அந்த நாலு கேள்விக்குப் பதில் வந்தால் அதையும்.